மினுக்கும் சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் கரையிலுள்ள மீனவக் கிராமம் ஒன்றில் பழைய டீசல் கார் ஒன்று ஓடுவதாகக் கொள்வோம். இறால் கூடைகளைப் பொன்னேரிக்குக் கொண்டுபோவதும், அவசரத்திற்கு நோயாளியை ஏற்றிச் செல்வதும் அதுதான். அதன் முகப்பில், எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது, சற்று நேரத்தில் அணைகிறது, மறுபடியும் எரிகிறது. வண்டியோ நன்றாகத்தான் ஓடுகிறது! ஓட்டுநர் என்ன செய்வது?

முதலில் அந்த விளக்கு எரியும் விதத்தைக் காண்போம். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம், சாவி வழியாக விளக்கை அடைந்து, அங்கிருந்து ஒரு கம்பியின் மூலம் எஞ்சினில் பொருத்திய சிறிய 'ஆயில் சுவிட்சு'க்கு வருகிறது. திரும்பிச் செல்லத் தனிக் கம்பி இல்லை; எஞ்சினின் இரும்பு உடலே அந்த வேலையைச் செய்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

ஆயில் சுவிட்சினுள் ஒரு மெல்லிய சவ்வும் சுருள்வில்லும் உள்ளன. எஞ்சின் நிற்கும்போது வில் சுவிட்சை மூடி வைக்கிறது, விளக்கு எரியும். எஞ்சின் ஓடியதும், பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தம் சவ்வைத் தள்ளிச் சுற்றைத் திறக்கிறது, விளக்கு அணையும்.

இனிச் சிந்தியுங்கள். விளக்கு மினுக்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று: அழுத்தம் மெய்யாகவே ஏறி இறங்குகிறது. இரண்டு: அழுத்தம் சரி, ஆனால் உறை தேய்ந்த கம்பி, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரும்பைத் தொட்டுச் சுற்றை மூடுகிறது, அல்லது சுவிட்சே பழுது. மூன்று: அழுத்தம் எப்போதும் குறைவு, விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டியது, அரித்துப்போன இணைப்பினால் இடையிடையே அணைகிறது!

ஏரிக்கரையில் மூன்றாவதை மறக்கக் கூடாது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஆகவே இணைப்புகளின் மேல் படியும் உப்பு எப்போதும் கசிந்திருந்து உலோகத்தை அரிக்கும். துரு மின்தடையைக் கூட்டும். 12 வோல்ட், 2.2 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 65 ஓம். துருவும் அதே அளவு தடையைச் சேர்த்தால் விளக்கு மிகவும் மங்கிவிடும். அணைந்த விளக்கு, 'ஆபத்து இல்லை' என்பதற்குச் சாட்சியாகாது.

சோதிக்கும் முறை இது. விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். சமதரையில் சில நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் பம்பு காற்றை உறிஞ்சும். மட்டம் தானாக உயர்ந்து எண்ணெய் நீர்த்திருந்தால், டீசல் அதில் கசிந்து கலந்திருக்கலாம்.

அடுத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். விளக்கு எரிய வேண்டும். சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையாவிட்டால், கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறது. கழற்றிய முனையைச் சுத்தமான எஞ்சின் இரும்பில் தொட்டால் நிலையாக எரிய வேண்டும். மினுக்கினால் இணைப்பு பழுது.

இவையெல்லாம் சரியெனில், மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்துவார். அழுத்தம் போதுமென்றால் சுவிட்சை மாற்றினால் போதும். எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது மட்டும் அழுத்தம் மிகவும் இறங்கினால், பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம். சூட்டில் எண்ணெயின் பாகுநிலை குறைந்து, தேய்ந்த இடைவெளிகளில் அது எளிதாக வழிந்துவிடுகிறது.

தொல்லை தாளாமல் பல்பைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? எண்ணெய்ப் படலம் இல்லாத பேரிங் சில நிமிடங்களில் உருகி எஞ்சின் இறுகிவிடக்கூடும். நோயாளியுடன் வண்டி நடுவழியில் நிற்கும்.

மாணவர்களே! இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, உப்புநீரில் நனைத்து ஒரு வாரம் துருப்பிடிக்க விட்ட ஆணி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். ஆணியின் துருவின் மேல் கம்பியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஆணியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடியும் தொடுங்கள். வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.