உறக்கப்பைக்குள் ஓர் இரவு

நுழையும்முன்

தமிழகத்துச் சமவெளியில் 'பனி' என்றவுடன் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி நினைவுக்கு வரும். இமயமலைப் பகுதியிலோ அதே சொல் கூரையையும் பாதையையும் மூடிக் கிடக்கும் வெண்படலத்தைக் குறிக்கும். சொல் ஒன்றாயினும் அதற்கேற்ற உடை வேறு. குளிர்மிகுந்த மலையில் கூடாரம் அமைத்து உறங்குவோர் எவ்வாறு உடுத்த வேண்டும்? ஒரு மாணவனுக்கு நேர்ந்ததைப் படித்து அறிவோம்.

குளிரில் நடுங்கிய மாணவன்

டேராடூன் நகரத்துப் பள்ளியொன்றின் மாணவர்கள் டிசம்பர் இறுதியில் மலையேற்ற முகாமுக்குச் சென்றனர். உத்தரகாசி மாவட்டத்திலுள்ள சாங்க்ரி என்னும் சிற்றூர்வரை பேருந்தில் பயணம் செய்தனர். மறுநாள் அங்கிருந்து ஊசியிலை மரங்களினூடே கேதார்காந்தா மலைப்பாதையில் நடந்தனர். மாலைக்குள், கடல்மட்டத்திலிருந்து 2,700 மீட்டர் உயரத்தை ஒட்டி அமைந்த ஜூடா கா தாலாப் என்னும் ஏரிக்கரையை அடைந்து கூடாரம் அமைத்தனர். ஏரி நீர் உறைந்து கிடந்தது.

அக்குழுவில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவன். தந்தையின் பணிமாற்றத்தால் டேராடூனுக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. "தெற்கத்திப் பையன் இந்தக் குளிரைத் தாங்குவானா?" என்று உடன்பயில்வோர் வழியெல்லாம் விளையாட்டாகக் கேட்டனர். தாங்கிக் காட்டுவது என அவன் மனத்துள் உறுதிசெய்துகொண்டான்.

அவனுடைய தாய் மூன்று ஸ்வெட்டர்களை எடுத்து வைத்திருந்தார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் காலையிலேயே அணிந்துகொண்டு மலை ஏறினான். ஏற ஏற வியர்வை பெருகிப் பருத்திப் பனியனை நனைத்தது. காலணிக்குள் பனி புகுந்து காலுறையும் ஈரமாயிற்று. இரவு உணவுக்குப்பின் அவன் எதையும் மாற்றவில்லை. அணிந்திருந்த ஜீன்ஸுடன், மேலும் ஒரு தடித்த மேலங்கியை மாட்டிக்கொண்டு, 'ஸ்லீப்பிங் பேக்' என வழங்கும் உறக்கப்பைக்குள் நுழைந்தான். இத்தனை உடை இருக்கக் குளிர் எவ்வாறு வரும் என்பது அவன் எண்ணம்.

நள்ளிரவில் அவனுடைய பற்கள் ஒன்றோடொன்று மோதின, கால்விரல்கள் மரத்துப்போயின. அருகில் படுத்திருந்த தோழன், "குளிர்கிறதா?" என்று கேட்டான். "இல்லை" என்றான் அவன். சிறிது நேரம் கழித்துத் தோழன் மீண்டும் கேட்டான். இம்முறை அவனால் மறைக்க இயலவில்லை. "ஆம், மிகவும் குளிர்கிறது" என்றான். தோழன் உடனே எழுந்து சென்று பயிற்றுநரை அழைத்து வந்தான்.

பயிற்றுநர் அம்மலைப்பகுதியிலேயே பிறந்தவர். முதலில் அவனுடைய பெயரையும் வகுப்பையும் சொல்லச் சொன்னார். பேச்சு குழறவில்லை என்று கண்டபின், அவனுடைய உடைக்குள் கைவைத்துப் பார்த்தார்.

"தம்பி, நீ ஈரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாய்" என்றார்.

நனைந்த உடைகளைக் களையச் செய்து, உலர்ந்த உள்ளாடையும் கம்பளிக் காலுறையும் குல்லாயும் அணிவித்தார். ஸ்வெட்டர்களுள் உலர்ந்திருந்த ஒன்றை மட்டும் மேலே அணியச் சொன்னார். சூடான இனிப்புத் தேநீர் கொடுத்தார். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய புட்டியை ஒரு துணியில் சுற்றி உறக்கப்பைக்குள் வைத்தார். முன்னைவிடக் குறைந்த உடையே அணிந்திருந்தும் அவனுடைய நடுக்கம் மெல்லத் தணிந்தது.

"விடியும்வரை நீ பேசாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மலையில் பிறந்த நாங்களும் குளிரும்போது குளிர்கிறது என்றுதான் சொல்வோம். அதில் வெட்கம் ஏதும் இல்லை" என்று கூறிவிட்டு, அவன் உறங்கும்வரை பயிற்றுநர் அருகிலேயே அமர்ந்திருந்தார்.

உறக்கப்பையின் பணி

உறக்கப்பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காப்பதே அதன் பணி. ஃபிளாஸ்கில் சூடான காபியை ஊற்றினால் சூடு நெடுநேரம் நிற்கும். ஆறிய காபியை ஊற்றினால் அது ஆறியே இருக்கும். உறக்கப்பையும் அத்தகையதே. உடல் நடுங்கும் நிலையில் அதனுள் நுழைந்தால் வெதுவெதுப்பை உணர நெடுநேரம் ஆகும்.

உறக்கப்பையினுள் வாத்தின் மென்தூவியோ செயற்கை இழையோ நிரப்பப்பட்டிருக்கும். அவற்றின் இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. ஏனெனில் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆடையின் நூலிடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை வியர்வை நிரப்பிவிட்டால், அவ்வாடை எவ்வளவு தடித்ததாயினும் உடலின் வெப்பத்தை வெளியே கடத்திவிடும்.

தலைமுதல் கால்வரை

உடலை ஒட்டிய ஆடை: கம்பளியாலோ, 'தெர்மல்' என வழங்கும் செயற்கை இழையாலோ ஆன முழுக்கை உள்ளாடையும் நீண்ட காற்சட்டையும் ஏற்றவை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி நெடுநேரம் வைத்துக்கொள்ளும். ஆகவே தமிழகத்து வெயிலில் இதமளிக்கும் பருத்திப் பனியன் பனிமலையில் உதவாது. கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்னும் ஓரளவு வெப்பம் காக்கும். பகலில் நடந்த உடையிலிருந்து வேறான ஓர் இணையை இரவுக்கென்றே நெகிழிப்பையில் கட்டிவைத்தல் வேண்டும்.

கால்: உலர்ந்த கம்பளிக் காலுறை ஓர் இணை போதும். இரண்டு மூன்றை இறுக்கி அணிந்தால் குருதியோட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் சில்லிடும்.

தலை: காதை மூடும் குல்லாய் அணிதல் நன்று. உடல் வெப்பத்தின் பெரும்பகுதி தலைவழியே வெளியேறும் என்பது மிகைக்கூற்று. எனினும் மற்ற உறுப்புகள் யாவும் மூடியிருக்கத் தலை மட்டும் திறந்திருந்தால் அங்கு வெப்பம் வீணாகும். மூக்கையும் வாயையும் மூடுதல் கூடாது. பைக்குள் மூச்சு விட்டால் மூச்சிலுள்ள ஈரம் உள்ளே படியும்.

மேலாடை: குளிர் மிகுந்தால் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பைக்குள் திணித்துக்கொள்ளும் அளவுக்குத் தடித்த உடைகளை அணிந்தால் பையின் நிரப்பு நசுங்கும். காற்றுக்கு இடம் இராது. மேலங்கியைப் பையின்மீது போர்வையாக விரிப்பதே மேல்.

உடையால் மட்டும் ஆகாதவை

படுக்கும்போது நம் எடையால் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடும். ஆகவே தரையின் குளிரைத் தடுக்க நுரைப்பாய் இன்றியமையாதது. உறங்குமுன் சிறிது உண்ண வேண்டும். உணவே உடலின் எரிபொருள். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்தல் கூடாது. கைகால்களைச் சிலமுறை அசைத்து உடலைச் சூடாக்கிக்கொண்டு பைக்குள் நுழைய வேண்டும். வியர்க்கும் அளவுக்கு அசைத்தல் தகாது.

நம் உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் அது நலத்தின் அடையாளம் என எண்ணலாகாது. நிலைமை முற்றிவிட்டது என்பதே அதன் பொருள். அவ்வாறு காணின் உடனே பெரியவர்களை அழைக்க வேண்டும்.

மறுநாள் மாலை

மறுநாள் நடக்கத் தொடங்குமுன் அம்மாணவன் இரண்டு ஸ்வெட்டர்களைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். மாலையில் கூடாரம் எழுந்தவுடன் முதல் வேலையாக உலர்ந்த உடைக்கு மாறினான். பின்னர், நெருப்பருகே ஈரக் காலுறையுடன் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுவனிடம் சென்று, "தம்பி, முதலில் காலுறையை மாற்றிக்கொள்" என்றான். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர் பெரியோர். பனிமலையில் அந்த ஆடை உலர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

உறக்கப்பைகள் பலவற்றின்மீது அவை எந்த வெப்பநிலைவரை ஏற்றவை என்பது அச்சிடப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் பன்னாட்டுத் தரமுறைப்படி, சூடேற்றப்பட்ட மனித உருவப் பொம்மையைப் பைக்குள் கிடத்தி இதனைக் கணக்கிடுவர். அப்பொம்மைக்கும் நீண்ட உள்ளாடையும் காலுறையும் அணிவிப்பர். ஆகவே உடையின்றியோ ஈர உடையுடனோ படுப்பவருக்கு அவ்வெண் பொருந்தாது.

சொல்லும் பொருளும்

தூவி – பறவையின் மென்மையான இறகு
நிரப்பு – உள்ளே அடைக்கப்பட்ட பொருள்
குருதி – இரத்தம்
இன்றியமையாதது – கட்டாயம் வேண்டப்படுவது
மிகைக்கூற்று – அளவுக்கு மீறிச் சொல்லப்பட்ட செய்தி

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. உறக்கப்பையில் குளிரைத் தடுப்பது ______. (நீர் / காற்று / பருத்தி)
2. பனிமலையில் உடலை ஒட்டி அணிய ஏற்றது ______. (ஜீன்ஸ் / பருத்திப் பனியன் / கம்பளி உள்ளாடை)

ஆ. பிரித்து எழுதுக.
உறக்கப்பை, காலுறை, வெந்நீர், வெண்படலம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாணவன் முதலில் 'இல்லை' என்று சொன்னது ஏன்?
2. பயிற்றுநர் அவனுடைய பெயரையும் வகுப்பையும் கேட்டதன் நோக்கம் யாது?
3. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உறங்குதல் ஏன் கூடாது?

ஈ. விரிவான விடை எழுதுக.
மூன்று ஸ்வெட்டர் அணிந்தபோது நடுங்கியவன், ஒன்றை மட்டும் அணிந்தபோது நடுக்கம் தணிந்தது எவ்வாறு? காரணங்களுடன் விளக்குக.

உ. மொழியோடு விளையாடு.
தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். அக்காலங்களில் உங்கள் சொந்த ஊரில் எவற்றை உடுத்தினர், எவற்றைப் போர்த்தினர் என்று தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொல்லும் ஐந்து சொற்களைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.