பழைய விடியோ விளையாட்டுகளும் அவற்றைக் காக்கும் முறையும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர்)

1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரின் கருத்தைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பினார். ஐயரவர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் அந்நூலை அச்சேற்றினார். அன்று ஏடுகளுக்கு நேர்ந்த கதியே இன்று பழைய விடியோ விளையாட்டுகளுக்கும் நேர்ந்து வருகிறது.

'விளையாட்டுதானே, அழிந்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அதுவும் மனிதன் சிந்தித்து எழுதிய படைப்பேயாகும். 1989-இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆப் பெர்சியா'வின் மூல நிரல் பல்லாண்டுகள் காணாமற்போயிருந்து, 2012-இல் பழைய பிளாப்பித் தட்டுகளிலிருந்து மீட்கப்பட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று விடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-இல் கண்டறிந்தது.

அழிவும் காப்பும்

பிளாப்பித் தட்டில் காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். கேசட்டுகளில் உலோக முனைகள் துருப்பிடிக்கும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் அதனை விரைவுபடுத்தும். ஆகவே கேசட்டின் ரோம் சிப்பில் உள்ளதைக் கோப்பாகப் படியெடுக்கின்றனர். பழைய கருவியைப்போல் இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள், அக்கோப்பைக் கணினியில் ஓட்டுகிறது. படிகள் பிழையற்றவையா என்பதைச் 'செக்சம்' என்னும் கணக்கெண்ணால் ஒப்பிடுவர். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும்.

பதிவிறக்குவோர் கவனத்திற்கு

நம் பகுதியில் பல வீடுகளில் கைபேசி ஒன்றே. தறிக்கூலியும் கல்வி உதவித்தொகையும் சேரும் வங்கிக் கணக்கு அதில்தான் இருக்கிறது. எனவே இவற்றை மனத்திற்கொள்க:

1. கோப்பின் அளவைப் பாருங்கள். 1985-இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஏறத்தாழ 40 கிலோபைட்டே. அது பல மெகாபைட் அளவில், ஏ.பி.கே. அல்லது இ.எக்ஸ்.இ. கோப்பாக வந்தால் தொடாதீர்கள்.

2. எமுலேட்டரை அதனை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே பெறுங்கள்.

3. செக்சத்தை வேறோர் இடத்துப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். கோப்பைத் தந்த தளமே தரும் எண்ணைக்கொண்டு அத்தளத்தின் நேர்மையை அறிய முடியாது.

4. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், ஓ.டி.பி. அதில்தான் வருகிறது.

5. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சட்டம்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் இழப்புக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகப் படியெடுத்து வைக்க இடந்தருகிறது. வாங்காத விளையாட்டை இறக்கிக்கொள்ள அது இடந்தரவில்லை. படைத்தவர்களே இலவசமாக வழங்கும் விளையாட்டுகளும் உள்ளன. அவற்றிலிருந்து தொடங்குவது நலம்.

வீட்டுப் பரணில் பழைய கேசட் கிடந்தால், நண்பர்களே, அதைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அதன் பெயரையும், சிப்பின்மேல் உள்ள எண்ணையும் குறித்து வையுங்கள். வேறெங்கும் இல்லாத படி அதுவாகவும் இருக்கலாம்.