எரிபொருள் மாறியதை எஞ்சின் எவ்வாறு அறிகிறது?

"எதனோல் பூரணமாகத் தகனமடையப் பெற்றோலைவிடக் குறைந்த வளி போதும். ஏன்?" என்று கேட்டால் உங்களிற் பலர் "எதனோலில் சக்தி குறைவு" என்று எழுதிவிடுகிறீர்கள். சக்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் வினாவுக்குரிய விடை அதுவல்ல. காரணம் மூலக்கூறுக்குள் இருக்கிறது.

பெற்றோல் ஐதரோகாபன்களின் கலவை. அது எரியத் தேவையான ஒட்சிசன் முழுவதும் வளியிலிருந்தே வரவேண்டும். எதனோல் மூலக்கூறிலோ 2 காபன், 6 ஐதரசன் அணுக்களுடன் 1 ஒட்சிசன் அணுவும் உண்டு. தனக்கு வேண்டியதில் ஒரு பங்கை அது தானே கொண்டுவருகிறது.

1 எதனோல் + 3 ஒட்சிசன் → 2 காபனீரொட்சைட்டு + 3 நீர்

இதன்படி 46 கிராம் எதனோலுக்கு 96 கிராம் ஒட்சிசன் தேவை. வளியின் திணிவில் ஏறத்தாழ 23 சதவீதம் ஒட்சிசன். ஆகவே தேவையான வளி 96 ÷ 0.23, அதாவது சுமார் 417 கிராம். இதை 46 ஆல் வகுத்தால், 1 கிராம் எதனோலுக்கு ஏறத்தாழ 9 கிராம் வளி. பெற்றோலுக்கு இது 14.7 கிராம். (கலைப் பட்டதாரியான எனக்கே இக்கணக்கு விளங்கியது. உங்களுக்கு விளங்காமற் போகாது.)

இனி எஞ்சினுக்கு வருவோம். அது உள்ளெடுக்கும் 1 கிலோகிராம் வளிக்குப் பெற்றோல் 68 கிராம் போதும்; எதனோல் என்றால் 111 கிராம் வேண்டும். பெற்றோலுக்கென அளவு வைத்த எஞ்சினில் எதனோலை ஊற்றினால் எரிபொருள் போதாமல் அது திணறும்.

பிறேசில் இச்சிக்கலை நேரடியாகச் சந்தித்த நாடு. 1973 இல் எண்ணெய் விலை ஏறியதன் பின்னர், 1975 இல் கரும்பிலிருந்து எதனோல் எடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2003 இல் அங்கு வெளிவந்த வொக்ஸ்வாகன் கோல் காரில் பெற்றோல், எதனோல் இரண்டையும் எந்த விகிதத்திலும் நிரப்பலாம். என்ன நிரப்பினோம் என்று சாரதி காருக்குச் சொல்வதில்லை. புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் உணரியே அதைக் கண்டுபிடிக்க உதவுகிறது. வெளியேறும் வாயுவில் ஒட்சிசன் மிஞ்சினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். உடனே கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறக்கிறது. எவ்வளவு கூட்ட நேர்ந்தது என்பதிலிருந்து எதனோலின் பங்கையும் கணித்துவிடுகிறது. அடுப்புப் புகையைப் பார்த்து விறகின் ஈரத்தைச் சொல்லும் அம்மம்மாவின் கெட்டித்தனம்தான் இது! எதனோலின் ஒக்டேன் எண் அதிகம் என்பதால், தீப்பொறி எழும் நேரத்தையும் அதற்கேற்பக் கணினி மாற்றுகிறது.

குளிரில் மட்டும் இந்தக் கெட்டித்தனம் போதாது. எதனோல் குளிரில் இலகுவில் ஆவியாகாது. எனவே ஆரம்பகாலக் கார்களில், எஞ்சினை இயக்கத் தொடங்குவதற்கென்றே சிறிய பெற்றோல் தாங்கி ஒன்று தனியாக வைக்கப்பட்டது.

பயிற்சி: காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும் கொண்டு செயற்கையாக மெதனோல் ஆக்கலாம். அதன் மூலக்கூறில் 1 காபன், 4 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன.
(அ) 32 கிராம் மெதனோல் எரிய 48 கிராம் ஒட்சிசன் தேவை. 1 கிராமுக்கு எவ்வளவு வளி வேண்டும்? (விடை: ஏறத்தாழ 6.5 கிராம்)
(ஆ) பெற்றோலுடன் மெதனோல் கலந்தால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் கூடுமா, குறையுமா?
(இ) ஐதரோகாபன்கள் மட்டுமே கொண்ட செயற்கைப் பெற்றோலைக் கலந்தால் இந்நேரம் பெரிதாக மாறாது. காரணத்தை மூலக்கூறிலிருந்து எழுதுக.