ஒரு டன் கரியமில வாயுவின் விலை

நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நெய்வேலி வெகு தொலைவில் இல்லை. அங்கே 1957இல் பழுப்பு நிலக்கரி தோண்டத் தொடங்கினார்கள். 1962 முதல் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் வகுப்பிலேயே சிலருடைய தந்தையர் அங்குதான் வேலை பார்க்கிறார்கள். எனவே, மின் நிலையங்கள் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்னும் பேச்சு நமக்குப் புத்தகப் பாடம் மட்டுமன்று, சோற்றுப் பிரச்சினையும்கூட.

உலகில் பல மின் நிறுவனங்கள், சட்டம் வற்புறுத்தாமலே, "இந்த ஆண்டுக்குள் இவ்வளவு குறைப்போம்" என்று தாமே இலக்கு வைத்துக்கொள்கின்றன. கொதிகலனை ஒரே நாளில் அணைக்க முடியாதல்லவா? அப்போது கைகொடுப்பதுதான் கார்பன் கிரெடிட். வேறெங்கோ ஒருவர் ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால் அவருக்கு ஒரு கிரெடிட் கிடைக்கும். அதை மின் நிறுவனம் விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

ஒரு டன் எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. வீட்டு அட்டையில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்தால் 140 கிலோ. ஒரு டன் சேர 14 மாதம் ஆகும்! மாறாக, ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் தரும் ஒரு காற்றாலை 700 டன்னை மிச்சப்படுத்துகிறது. அதாவது 700 கிரெடிட்.

தமிழ்நாட்டு நூற்பாலைக்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். 1997ஆம் ஆண்டின் கியோட்டோ ஒப்பந்தத்தின்படி, அவர்கள் சங்கத்தின் மூலம் பலருடைய காற்றாலைகளை ஒன்றாகச் சேர்த்து ஐக்கிய நாடுகளிடம் பதிவு செய்தார்கள். ஆனால் 2008இல் ஏறத்தாழ 20 யூரோ விற்ற கிரெடிட், 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று. நம் ஊர்ச் சந்தையில் தக்காளி விலைகூட அப்படி விழுந்ததில்லை!

இங்கே ஒரு நெருடல். நாம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டாரை நமக்காக நோன்பிருக்கச் சொன்னால் அது நம் நோன்பாகுமா? வகுப்பில் இதற்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. காற்றில் எல்லைக்கோடு இல்லை, எங்கே குறைந்தாலும் குறைவு குறைவுதான் என்றது ஒரு கட்சி. அந்த அடுத்த வீட்டார் எப்படியும் பட்டினிதான் என்றால், நாம் கொடுத்த பணத்தால் புதிதாக என்ன குறைந்தது என்று கேட்டது மறு கட்சி. நாங்கள் இரண்டாம் கட்சி. பணம் வராவிட்டாலும் நடந்திருக்கும் வேலைக்குக் கிரெடிட் கொடுத்தால் அது வெறும் காகிதமே.

இதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஏ.இ.எஸ். மின் நிறுவனம், கனெக்டிகட்டில் கட்டிய நிலக்கரி மின் நிலையத்துக்கு ஈடாக, 1988இல் குவாத்தமாலாவில் 5 கோடிக்கு மேல் மரம் வளர்க்கப் பணம் கொடுக்க முன்வந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்தாண்டு கழித்து மதிப்பிட்டபோது, எதிர்பார்த்த அளவு கரி மரங்களில் சேரவில்லை. மின் நிலையத்தின் புகையோ ஒரு நாளும் குறையாமல் கிளம்பிக்கொண்டிருந்தது.

நம் நாட்டில் 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023இல் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். நெய்வேலி நிறுவனமும் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் தகடுகள் அமைத்துள்ளது. 1962இல் தொடங்கிய முதல் அனல் நிலையத்தை 2020இல் மூடிவிட்டது. அந்தத் தகடுகளைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் எத்தனை பேர் வேண்டும் என்று, அப்பா சுரங்கத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி கேட்டாள். அந்தக் கணக்கை நாங்கள் இன்னும் போடவில்லை.