கூரையும் சுவரும் சந்திக்கும் இடம்: ஈயத் தகட்டு மூட்டுமறைப்பு



மாரி மழைக்கு வீடு ஒழுகினால் நாம் முதலில் ஓட்டைத்தான் குற்றஞ்சொல்வோம். ஏணி வைத்து ஏறி, வெடித்த ஓடு எது என்று தேடுவோம். பல வீடுகளில் ஓட்டில் எந்தப் பிழையும் இராது. தண்ணீர் ஓட்டினூடாக வருவதில்லை. ஓடு முடிகின்ற இடத்தினூடாகவே வருகிறது.

இதை எழுதும் நான் கலைப் பட்டதாரி. கட்டடம் படித்தவன் அல்லன். நான் வகுப்பு நடத்துவது ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய பத்தியில். முதல் மாரியிலேயே சுவரோரம் இருந்த வாங்கு நனைந்தது. மேசன் ஒருவர் வந்து சாந்து பூசிவிட்டுப் போனார். அடுத்த மாரியில் அதே இடம், அதே வாங்கு. மூன்றாம் முறை, "சேர், சீமெந்து பூசப் பூச ஏன் வெடிக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதால் வந்ததே இப்பாடம். கூரை பற்றிப் படிக்கும் உங்களுக்கு இது உதவும். விஞ்ஞானத்தில் படித்த வெப்ப விரிவு, அடர்த்தி, மயிர்த்துளைத்தன்மை ஆகிய மூன்றும் இங்கே ஒரே இடத்தில் வேலை செய்வதையும் காண்பீர்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது?

பத்தியின் கூரை சரிந்து இறங்குகிறது. அதன் மேல் விளிம்பு வீட்டுச் சுவரோடு முட்டி நிற்கிறது. காற்றோடு சேர்ந்த மழை சுவரில் அடிக்கும்போது, சுவர் முழுவதிலும் பட்ட நீர் அதன் முகத்தால் வழிந்து இந்த மூட்டுக்கே வந்து சேர்கிறது. அதாவது, கூரையின் வேறெந்த இடத்தையும் விட அதிக நீரைச் சந்திக்கும் இடம் இதுவே. அங்கே ஒரு நூலளவு வெடிப்பு இருந்தாலும் போதும். ஒடுங்கிய வெடிப்பில் நீர் மயிர்த்துளைத்தன்மையால் இழுக்கப்படும். காற்றும் அதைத் தள்ளும்.

சாந்து ஏன் வெடிக்கிறது? "தரமற்ற சீமெந்து" என்று எழுதினால் அது விடையாகாது. சுவர் ஒரு பொருள், ஓடு வேறொரு பொருள், கைமரம் மூன்றாவது. வெயிலில் இவை ஒரே அளவாக விரிவதில்லை. மரமோ ஈரத்தில் பருத்து, காய்ந்ததும் சுருங்கும். பத்தி பிறகு கட்டப்பட்டதாயின் அதன் அத்திவாரமும் வேறு. வீடு ஏற்கெனவே இருந்து இறுகிவிட்டது, பத்தி இன்னும் சற்றுச் சற்றாக இறங்கும். ஆக, மூட்டின் இரு பக்கங்களும் எப்போதும் சிறிது அசைகின்றன. இறுகிய சாந்து அசையமாட்டாது, ஆகவே வெடிக்கிறது. மேலே மீண்டும் பூசினால் அதுவும் வெடிக்கும். அசையும் மூட்டை அசையாத பொருளால் அடைக்க முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் தானாக விளங்கும்.

ஏன் ஈயம்?

இந்த மூட்டை மூடுவதற்கு வைக்கும் உலோகத் தகட்டை மூட்டுமறைப்புத் தகடு என்கிறோம். "பிளாஷிங்" என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். எமது நாட்டில் இதற்கு அலுமினியமும் நாகம் பூசிய இரும்புத் தகடுமே பெரிதும் பயன்படுகின்றன. ஆனால் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இந்த வேலைக்கு முதலிடம் ஈயத்துக்குத்தான். அங்குள்ள வீடுகளில் புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலெழும் இடத்திலெல்லாம் சாம்பல் நிறத் தகடு ஒன்று வளைந்து ஒட்டியிருக்கும். அதுவே ஈயத் தகடு.

சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. பாத்திரத்துக்கு "ஈயம் பூசுதல்" என்று பெரியவர்கள் சொன்னது வெள்ளீயத்தை. பென்சிலுக்குள் இருப்பது காரீயம் என்பார்கள். அது உலோகமே அல்ல, காபனின் ஒரு வடிவமான காரீயகம். நாம் இங்கே பேசுவது இலத்தீனில் பிளம்பம் எனப்பட்ட பாரமான உலோகத்தை. குழாய் வேலை செய்பவரைப் "பிளம்பர்" என்று அழைப்பதும் அச்சொல்லிலிருந்தே. உரோமர் ஈயத்தால் நீர்க்குழாய் செய்தனர்.

ஈயம் மென்மையானது. மரச் சுத்தியலால் தட்டினாலே ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்துவிடும். தட்டிய பின் இரும்புத் தகடு போல் எம்பி எழாது, படிந்தபடியே கிடக்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 11,340 கிலோகிராம்/கனமீற்றர். நீரின் அடர்த்தி 1000 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பாரம் தகட்டைக் கீழே அழுத்தி வைக்க உதவுகிறது. காற்றும் மழையும் பட அதன் மேல் ஈயக் காபனேற்றுப் படை உருவாகும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரிக்கும். இந்தப் படையோ ஒட்டிநின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். புதிய தகட்டில் முதல் மழைக்கு வெள்ளைக் கறை வழிந்து ஓட்டை அழுக்காக்குவதுண்டு. அதனைத் தவிர்க்கவே வேலை முடிந்த அன்றே ஒருவகை எண்ணெய் பூசுகிறார்கள்.

ஈயத்தின் குறை என்ன? அது வெப்பத்தில் அதிகம் விரியும். இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை மறந்து பொருத்தினால் சாந்துக்கு நேர்ந்த கதிதான் ஈயத்துக்கும்.

பொருத்தும் முறை

இங்கிலாந்தில் ஈயத் தகட்டைக் "கோட்" எண்ணால் அழைப்பர். கோட் 4 என்றால் ஒரு சதுர அடித் தகடு 4 இறாத்தல் நிறை. அதன் தடிப்பு 1.8 மி.மீ.; சுருளில் நீல அடையாளம் இருக்கும். கோட் 5 சிவப்பு, 2.24 மி.மீ. மூட்டுமறைப்புக்குப் பெரும்பாலும் இவ்விரண்டுமே போதும்.

முதலில் சுவரில், கூரைக்கு மேலே, இரு செங்கல் வரிகளுக்கிடையிலுள்ள பழைய சாந்தை 25 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டி எடுப்பர். தகட்டின் மேல் விளிம்பை மடித்து அந்தப் பிளவுக்குள் செருகுவர். சிறு ஈயத் துண்டுகளைச் சுருட்டி ஆப்பாக இறுக்கி, மேலே சாந்தோ நெகிழும் அடைப்புப் பசையோ இடுவர். ஆப்புகளுக்கிடையே 450 மி.மீ. இடைவெளியை விடக் கூடாமல் பார்க்கவேண்டும். தகட்டின் மீதிப் பகுதி சுவரோடு இறங்கி, வளைந்து, ஓட்டின் மேல் ஏறத்தாழ 150 மி.மீ. வரை படியும்.

கவனியுங்கள்: தகட்டின் மேல் விளிம்பு சுவரில் பிடிக்கப்பட்டுள்ளது. கீழ் விளிம்பு ஓட்டில் ஆணியால் அறையப்படவில்லை. காற்றுக்கு எழாதபடி சிறு கொளுவிகள் மாத்திரம் அதைப் பிடிக்கின்றன. சுவர் அசைந்தால் தகடு சுவரோடு போகும், ஓடு அசைந்தால் தகட்டின் கீழே வழுகும். மேலிருந்து வரும் நீர் மூட்டைத் தொடாமலே தாண்டி ஓட்டில் விழும். ஆகவே இது மூட்டை அடைப்பதல்ல, மூட்டுக்குக் குடை பிடிப்பது.

அடுத்தது நீளம். கோட் 4, கோட் 5 ஈயத்தில் ஒரு துண்டு 1.5 மீற்றருக்கு மேற்படலாகாது. பக்கத்துத் துண்டோடு குறைந்தது 100 மி.மீ. மேற்படிய வேண்டும், கடுங்காற்றுள்ள இடத்தில் 150 மி.மீ. துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கவும் கூடாது. மேற்படியும்போது காற்று வரும் பக்கத்துத் துண்டே மேலே இருக்கவேண்டும். வாடைக் காற்றோடு மழை பெய்யும் வடக்குக் கிழக்கில் எந்தத் தகடு வைத்தாலும் இதை மறக்கலாகாது.

ஏன் 1.5 மீற்றர் என்பதைக் கணக்கால் பார்ப்போம். ஈயத்தின் நீளவிரிவுத் திறன் ஒரு பாகை செல்சியசுக்கு 0.000029. இரவில் 25 பாகையிலுள்ள தகடு நடுப்பகல் வெயிலில் 65 பாகைக்கு வருகிறது எனக் கொள்வோம். வித்தியாசம் 40 பாகை.

6 மீற்றர் ஒரே தகடாயின் விரிவு = 6000 × 0.000029 × 40 = 6.96 மி.மீ.
1.5 மீற்றர் தகடாயின் விரிவு = 1500 × 0.000029 × 40 = 1.74 மி.மீ.

ஏழு மி.மீ. விரிவு பெரிதா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பகலும் ஏழு மி.மீ. விரிந்து ஒவ்வொரு இரவும் சுருங்கும் தகடு, வளைந்த இடத்தில் மீண்டும் மீண்டும் மடிந்து களைத்து ஒருநாள் கீறிவிடும். கம்பியை இரு பக்கமும் மாறி மாறி வளைத்து முறிப்பீர்களே, அதேதான்.

மாதிரிக் கணிப்பு

வினா: 6 மீற்றர் நீளமான மூட்டை 300 மி.மீ. அகலக் கோட் 4 ஈயத் தகட்டால் மூடவேண்டும். ஒரு துண்டின் உச்ச நீளம் 1.5 மீற்றர், மேற்படிவு 100 மி.மீ. எத்தனை துண்டுகள் தேவை? மொத்தத் திணிவு யாது?

இங்கே அநேகர் 6 ஐ 1.5 ஆல் பிரித்து "4" என்று எழுதிவிடுவார்கள். நான்கு துண்டுகளுக்கிடையே மூன்று மேற்படிவு உண்டு. ஆகவே அவை மூடும் நீளம் (4 × 1.5) − (3 × 0.1) = 5.7 மீற்றர். 30 சென்ரிமீற்றர் திறந்தபடி கிடக்கும்! தேவை 5 துண்டுகள்.

ஐந்து துண்டுகளுக்கு நான்கு மேற்படிவு. தகட்டின் மொத்த நீளம் = 6 + (4 × 0.1) = 6.4 மீற்றர். ஒரு துண்டு 1.28 மீற்றர், இது 1.5 ஐ விடக் குறைவு, எனவே பொருந்தும்.
பரப்பளவு = 6.4 × 0.3 = 1.92 சதுரமீற்றர்.
கனவளவு = 1.92 × 0.0018 = 0.003456 கனமீற்றர்.
திணிவு = 0.003456 × 11,340 = ஏறத்தாழ 39.2 கிலோகிராம்.

ஒரு பத்தியின் ஒரு மூட்டுக்கே ஏறக்குறைய ஒரு சீமெந்துப் பையளவு பாரம். விலையும் அப்படியே. இங்கிலாந்தில் தேவாலயக் கூரைகளிலிருந்து ஈயத்தைக் களவெடுப்பதே ஒரு தொழிலாகிப் போனதற்குக் காரணம் இதுதான்.

ஈயம் நஞ்சு

இப்பகுதியைப் பரீட்சைக்காக மாத்திரம் படிக்கவேண்டாம். ஈயம் உடலில் சேரும் நஞ்சு. சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தீங்கற்றது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டதும் இதனாலேயே.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நகரின் நோத்ர டாம் தேவாலயக் கூரை எரிந்தது. அதன் கூரையிலும் கோபுரத்திலும் நூற்றுக்கணக்கான தொன் ஈயம் இருந்தது. ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். மரம் எரியும் தீ அதனைவிட மிகச் சூடானது. உருகிய ஈயம் வழிந்தது. ஈயத் தூசு சுற்றுப்புறத் தெருக்களிலும் பாடசாலைகளிலும் படிந்து, அவற்றைக் கழுவிச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் தேவாலயத்தை மீண்டும் ஈயத்தாலேயே வேய்ந்து 2024 டிசெம்பரில் திறந்தார்கள். சரியா பிழையா என்று அங்கே பெரும் விவாதம் நடந்தது.

எங்களுக்கு இதைவிட நெருக்கமான விடயம் ஒன்றுண்டு. உலர்வலயக் கிராமங்களில் கூரை நீரைப் பீலியால் தொட்டிக்கு இறக்கிக் குடிக்கும் வீடுகள் பல. மழைநீர் மென்னீர், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் சற்று அமிலத்தன்மையும் உடையது. இப்படியான நீர் ஈயத்தைச் சிறிதளவு கரைக்கும். ஆகவே குடிப்பதற்கு நீர் சேர்க்கும் கூரையில் ஈயத் தகடு வைக்கவே கூடாது. அங்கே பூச்சிட்ட உருக்கோ அலுமினியமோதான் வேண்டும். "கொதிக்க வைத்துக் குடிக்கலாம்தானே?" என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாகக் குறைய, மீதி நீரில் ஈயத்தின் செறிவு கூடவே செய்யும். துணியால் வடிப்பதும் பயன் தராது, ஏனெனில் அது கரைந்திருக்கிறது.

எங்கள் பத்திக்கு இறுதியில் அலுமினியத் தகடே வைத்தோம். முறை மேலே சொன்ன அதே முறை: மேலே செருகி, கீழே விட்டு, துண்டுகளை மேற்படிய வைத்தோம். அலுமினியம் ஓட்டின் வளைவில் ஈயத்தைப் போலப் படியவில்லை, அங்கங்கே எம்பித்தான் நின்றது. ஆனால் வாங்கு நனையவில்லை.

பயிற்சி

1. "ஒழுகும் மூட்டுக்கு மேலும் மேலும் சாந்து பூசுவது பயனற்றது." காரணங்கள் மூன்று தந்து விளக்குக.

2. மூட்டுமறைப்புத் தகட்டின் கீழ் விளிம்பை ஓட்டோடு ஆணியால் அறைந்தால் என்ன நேரும்?

3. 4.2 மீற்றர் நீளமான மூட்டுக்கு, உச்ச நீளம் 1.5 மீற்றரும் மேற்படிவு 150 மி.மீ. உம் எனில், எத்தனை ஈயத் துண்டுகள் தேவை? ஒவ்வொன்றும் சம நீளமாயின் ஒன்றின் நீளம் யாது?

4. அயல்வீட்டார் தமது கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த ஈயத் தகட்டை மூட்டுக்கு வைக்க விரும்புகின்றனர். அவர்களுக்கு நீர் கூறும் ஆலோசனையைக் காரணங்களுடன் ஐந்து வரிகளில் எழுதுக.