செவியும் ஒரு மருந்து

நோய் தீர மருந்து வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. மருந்து கொடுப்பதற்கு முன்னரே மருத்துவர் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. அது, நோயாளியின் சொல்லைப் பரிவுடன் கேட்டலாகும். மருத்துவத்தின் கூறுகள் நான்கு என வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பேணுவானையும் அவனுக்குப் பின்னரே வைத்தார். இவ்வரிசை நாம் எண்ணிப் பார்த்தற்குரியது.

பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லென்னக் என்பார், 1816-ஆம் ஆண்டில் இதயத் துடிப்பைக் கேட்டறியும் குழாயைக் கண்டுபிடித்தார். நெஞ்சின் ஒலியை அக்குழாய் உணர்த்தும். உள்ளத்தின் துயரை உணர்த்தாது. மனச்சிதைவு போன்ற நோயை அறிதற்கு, நோயாளியின் சொல்லும் செயலும், உற்றார் உரைப்பனவுமே முதன்மையான வழிகளாம். ஆதலின், மனநல மருத்துவர்க்குச் செவியே தலையாய கருவியாகும்.

"என்னை யாரோ இடைவிடாது பழிக்கிறார்கள், அக்குரல் என் காதில் விழுகிறது" என்று நோயாளி ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். "அஃது உம் கற்பனை" என்று மருத்துவர் தள்ளிவிட்டால், அவர் அக்கணமே வாய் மூடிவிடுவார். பின்னர் அவர் நோயை அறிவது எங்ஙனம்? "அக்குரல் எப்பொழுது கேட்கிறது? அப்பொழுது அஞ்சுகிறீரா? இரவில் உறங்குகிறீரா?" என்று அமைதியாக வினவும் மருத்துவரிடமே அவர் மனம் திறப்பார். குரல் பொய்யாயினும், அதனால் அவர் படும் துன்பம் மெய்யன்றோ? இதனை உணர்தலே பரிவு. இடைமறியாமை, விரையாமை, இகழாமை என்னும் மூன்றும் மருத்துவர் பயின்று பெற வேண்டிய பண்புகள்.

இத்துறையில் நெடுங்காலம் தொண்டாற்றியவர் மருத்துவர் சாரதா மேனன் அம்மையார். 1923-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுகிறார். 1961-இல் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1978 வரை பணிபுரிந்தார். நோயாளிகளைப் பூட்டி வைப்பதே மருத்துவம் எனப் பலர் எண்ணியிருந்த காலம் அது. அம்மையாரோ, குடும்பத்தாரையும் மருத்துவத்தில் துணையாகக் கொண்டார். நோயாளிகள் தொழில் பயின்று, மீண்டும் சமுதாயத்தில் மதிப்புடன் வாழ வழி தேடினார்.

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் தொண்டு ஓயவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்கென 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்னும் நிறுவனத்தை நிறுவினார். சென்னையின் மேற்குப் புறத்தில், வில்லிவாக்கத்தை அடுத்த இருப்புப்பாதை நிலையம் கொரட்டூர். அவ்வூருக்கு அண்மையிலுள்ள அண்ணா நகர் மேற்கு விரிவில் இந்நிறுவனம் இயங்கி வருகிறது. 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 2021-இல் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! மருத்துவராகும் வாய்ப்பு அனைவர்க்கும் அமைவதில்லை. பரிவுடன் கேட்கும் பண்போ அனைவர்க்கும் இயல்வது. உம் வகுப்பில் ஒருவர் சின்னாளாக யாருடனும் பேசாது தனித்திருந்தால், அவரை எள்ளாதீர். அருகமர்ந்து, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். தேவையாயின் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அவரை அழைத்துச் செல்லுங்கள். மனநோயும் மருத்துவத்திற்குரிய நோயே. அதனை மறைத்தலும் பழித்தலும் தகா.