மங்கா வண்ணம்

நம் கல்லூரிப் பேரவை அரங்கில், இந்நிறுவனத்திற்காக உழைத்து மறைந்த பெரியவர் ஒருவரின் வண்ணப் படம் தொங்கிற்று. நகரத்து அச்சு நிலையம் ஒன்றில் கணிப்பொறி வாயிலாக அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொணர்ந்த படம் அது. மேற்குச் சாளரத்திற்கு எதிரே மாட்டப்பட்டதால், நான்கு ஆண்டுகளுக்குள் நிறம் திரிந்தது. செஞ்சாயம் முதலில் விடைபெற, முகத்தில் பசுமை படர்ந்தது. பசலை பூப்பது சங்கத் தலைவியர்க்கே உரியது என்று வகுப்பில் சொல்லி வந்த நமக்குப் படத்திற்கும் பசலை உண்டு என்பதை அச்சுவர் உணர்த்திற்று. அப்பெரியவரோடு பழகிய முதியோர் அப்பக்கம் நோக்காது அமர்ந்ததையும் கண்டோம். அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

நுண்ணிய மைத்துளிகளைத் தாளின்மேல் பீய்ச்சி உருவம் அமைக்கும் அச்சுமுறையை இங்க்ஜெட் என வழங்குகிறோம். அதனைக் கலைக்கூடங்களில் இடம்பெறும் தகுதிக்கு உயர்த்திய முயற்சிகளுள் முதன்மையானது அமெரிக்காவில் நிகழ்ந்தது. பாடகரும் ஒளிப்படக் கலைஞருமான கிரஹாம் நாஷ், தம் நண்பர் மேக் ஹோல்பெர்ட்டுடன் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில் 1991ஆம் ஆண்டில் நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சகத்தைத் தொடங்கினார். அங்கு நிறுவப்பெற்ற ஐரிஸ் 3047 என்னும் பொறியின் விலை 1,26,000 டாலர். அது கலைக்கென்று பிறந்த பொறியன்று; விளம்பரம் முதலியவற்றைப் பேரச்சில் ஏற்றுமுன் நிறம் சரிபார்க்க மெய்ப்பு எடுக்கும் பொறி. தடித்த ஓவியத் தாளுக்கு அதனுள் இடம் போதவில்லை. ஆகவே மைத்தலைகளின் ஒரு பகுதியை அறுத்துப் பின்தள்ளினர். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் அத்துடன் அறுந்தது! அப்பொறி 2005ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய வரலாற்று அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது.

அச்சு அழகாகவே வந்தது. எனினும் மெய்ப்புக்குச் சில நாள் வாழ்வு போதும். அதற்கேற்ற சாய மையே அப்பொறியில் இருந்தது. தொடக்கக் காலப் படிகள் பல ஒரு சில ஆண்டுகளிலேயே வெளிறின. பொருள் கொடுத்து வாங்கியோர்க்கு இஃது ஏமாற்றம், கலைஞர்க்கோ பழி.

சாயத்திற்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு அறிதல் வேண்டும். சாயம் சர்க்கரை போல நீரில் கரைவது. தனித்தனி மூலக்கூறாகத் தாளில் ஊறி நிற்பதால், ஒளியோ காற்றோ தாக்கும்போது ஒவ்வொன்றாகச் சிதைகிறது. நிறமி கரைவதில்லை; சுண்ணாம்பு நீரில் கலங்கி நிற்பது போல நிற்கிறது. அதன் துகள், ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அத்துகளுக்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் செறிந்துள்ளன. முன்னணி வீரர் வீழினும் பின்னணி நிலைகுலையாத படை போல, புறத்தே உள்ளவை சிதைந்தாலும் அகத்தே உள்ளவை நிறம் காக்கின்றன. துகளைச் சூழப் பிசின் உறையிடுவதும் உண்டு. ஏட்டுச் சுவடியில் எழுத்தாணிக் கீறல்கள் தெரிய நம் முன்னோர் தேய்த்த விளக்குக்கரியும் இத்தகைய நிறமியே. இன்றைய நிறமி மைகளிலும் கறுப்பு நிறம் தருவது கரிதான்.

2000ஆம் ஆண்டு இத்துறைக்கு இரு பாடங்களைத் தந்தது. எப்சன் நிறுவனம் அவ்வாண்டில் ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்னும் நிறமி மைப் பொறியை வெளியிட்டது. அதன் படிகள் நீடித்தன. ஆனால் விளக்கொளியில் செவ்வனே தோன்றிய சாம்பல் நிறம் பகலொளியில் பச்சையாகத் தோன்றிற்று. 2002இல் வந்த அல்ட்ராகுரோம் மைகளே இக்குறையைப் பெரிதும் குறைத்தன. அதே 2000இல் அந்நிறுவனத்தின் சாய மைப் பொறி ஒன்றில், பளபளப்புத் தாளில் அச்சிட்ட படங்கள் சில இடங்களில் சில வாரங்களுக்குள்ளாகவே செம்மஞ்சளாக மாறின. ஒளிச் சோதனையில் பல ஆண்டுகள் தாங்கும் எனக் கணிக்கப்பட்ட தாள் அது. குற்றவாளி ஒளியன்று, காற்றிலுள்ள ஓசோன். நுண்துளைப் பூச்சுடைய அத்தாளில் காற்று எளிதிற் புகுந்து நீலச் சாயத்தைச் சிதைத்துவிட்டது. சோதனை தான் வினவியதற்கு மட்டுமே விடை தந்தது; காற்றைப் பற்றி எவரும் வினவவில்லை.

இத்தகைய சோதனைகளில் பெயர் பெற்றவர் அயோவா மாநிலத்துக் கிரின்னலைச் சார்ந்த ஹென்றி வில்ஹெல்ம். வண்ண ஒளிப்படங்களின் நிலைபேறு பற்றிய அவரது பெருநூல் 1993இல் வெளிவந்தது. அவர் தரும் ஆண்டுக் கணக்கு, கண்ணாடியிட்ட படம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளியில் இருப்பதாகக் கொண்டு கூறப்படுவது. நேர்வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். எனவே ‘நூறாண்டு மை’ என்று கடைக்காரர் சொல்லும்போது, எச்சுவரில் என்று நாம் திருப்பிக் கேட்டல் தகும்.

மை நன்றாயினும் தாள் தீதாயின் பயனில்லை. மரக்கூழிலுள்ள லிக்னின் நாளடைவில் தாளை மஞ்சளாக்கும். அமிலம் தாளை நொறுங்கச் செய்யும். ஆகவே கலைப்படிகளுக்குப் பருத்திக் கூழ்த் தாளையோ லிக்னின் நீக்கிய தூய கூழ்த் தாளையோ கொள்வர். கால்சியம் கார்பனேட் சேர்ப்பது அமிலத்தை முறிக்க. மேற்பூச்சு மைத்துளியைப் பரவவிடாது நிறுத்துவது. இதுவே கூர்மைக்குக் காரணம். இனி, கண்ணைப் பறிக்கும் வெண்மையை நம்பற்க. அவ்வெண்மையிற் பெரும்பகுதி ஒளிரூட்டும் வேதிப்பொருளால் வருவது. அது சோர்ந்தபின் தாள் பழுப்பேறும். சற்றே பாலேடு நிறமுடைய தாளை இழிந்தது என்று ஒதுக்குவோரைக் கண்டிருக்கிறோம். நாமும் முன்னர் ஒதுக்கியவரே.

தரத்தைப் பொறுத்தவரை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் அளவிலான மூலப்படமும், கறுப்போடு சாம்பல் மைகளும், தாளுக்கும் மைக்கும் ஏற்ப அளந்தமைத்த வண்ணக் குறிப்பும் இருத்தல் வேண்டும். திரையில் கண்ட நிறம் தாளில் வராமைக்குப் பெரும்பாலும் இக்கடைசிக் குறையே காரணம்.

சட்டமிடுவதிலும் முறையுண்டு. அச்சிட்ட அன்றே கண்ணாடிக்குள் அடைத்தால் மையின் கரைப்பான்கள் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் புகைபோற் படியும். ஒரு நாளேனும் உலரவிட வேண்டும். படமும் கண்ணாடியும் ஒட்டாதவாறு இடையே அமிலமற்ற அட்டை வைத்தல் நலம். கண்ணாடி அழகுக்கு மட்டுமன்று, ஓசோனைத் தடுக்கும் கதவும் அதுவே.

நற்பேறாக அப்பெரியவரின் மூல ஒளிப்படம் பழுதின்றிக் கிடைத்தது. அண்மையில் நிறமி மையால் பருத்தித் தாளில் மீண்டும் அச்சிட்டுச் சாளரமில்லாத வடக்குச் சுவரில் மாட்டினோம். சட்டத்தின் பின்புறம் மை, தாள், நாள் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. பழைய படத்தை எறிந்துவிடவில்லை. நம் துறை நிலைப்பேழையில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட விழையும் மாணவர் கேட்டுப் பார்க்கலாம்.